இருபத்திரண்டு சுற்று

என் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. அதனால்தான் பல விஷயங்களில் வாயை மூடிக்கொள்கிறேன். காரின் ஸ்டீயரிங் லொடலொடவென்று ஆடியபோது, "ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாங்க" என்றேன்.

"வீட்ல சும்மா கெடக்கறவன் இதைக்கூட செய்ய மாட்டானா?" என்று எரிந்து விழுந்தார்.

தினமும் நாற்பது கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்கு அதை ஓட்டிப்போகிற நர்ஸ் நான். உயிர் என்னுடையது, ரோஷம் அவருடையது.

சனிக்கிழமை காலை வாசலில் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். தேய்ந்திருந்தது டை ராடு முனை. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனியில் இருக்கும் மூட்டு. சுத்தியலால் நாலு போடு போட்டதும் துரு பொலபொலவென்று உதிர்ந்து அது சக்கரத்திலிருந்து விடுபட்டது. பழையதை எத்தனை சுற்றில் கழற்றுகிறோமோ அத்தனை சுற்றில்தான் புதியதை மாட்ட வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணிக்கொள்ளும். அவர் பழையதைச் சுற்றிக் கழற்றக் கழற்ற, நான் சுவரில் சாக்பீஸால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன்.

"இருபது" என்றார்.

"இருபத்திரண்டுங்க. கோட்டை எண்ணிப் பாருங்க."

"கையில சுத்தினவன் நானா, நீயா?"

ஆஸ்பத்திரியில் சொட்டு எண்ணி மருந்து ஏற்றுகிறவள் நான். அங்கே டாக்டர்களே என் எண்ணிக்கையை நம்புகிறார்கள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் புதியதை இருபதில் நிறுத்தி நட்டை இறுக்கிவிட்டார்.

தெருமுனை தாண்டுவதற்குள் கார் ஒரு பக்கமாக இழுத்தது.

"ரோடு சரியில்ல" என்றார் பக்கத்திலிருந்து.

"அப்ப ரோட்டைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்ல விடலாமா?"

வண்டியை நேரே அங்கே விட்டேன்.

மெக்கானிக் அளந்து பார்த்தார், நட்டைத் தளர்த்தினார், முழுதாக இரண்டு சுற்று உள்ளே திருகினார். சக்கரம் நேரானது.

"ரெண்டு சுத்து கொறச்சலா மாட்டியிருக்கு. யாருங்க எண்ணினது?"

என் கணவரின் முகம் செத்துப்போயிருந்தது. ஐந்து மாதமாகக் கண்டவர் முன்னாலெல்லாம் தலைகுனிந்து நின்ற மனுஷன். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நான்தான். தப்பா எண்ணிட்டேன்" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஏன் கேக்கறீங்க! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாதானே? இவளை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மெக்கானிக்கும் சிரித்தார். பதினாறு வருஷக் குடித்தனத்தில் என் கணவரை அன்றைக்குத்தான் முதல்முறையாக வெறுத்தேன்.

திரும்பும்போது கார் வழுக்கிக்கொண்டு நேராக ஓடியது. "பாத்தியா, நான் மாட்டினது!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை எடுத்துச் சுவரிலிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இருபதில் ஒரு கணம் நின்றார். இன்னும் இரண்டு கோடுகள் இருந்தன.

அவற்றையும் அழித்துவிட்டு, துணியை என் கையில் கொடுத்து உள்ளே போனார்.