இடப்பக்கக் கதவு

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை, நந்தனத்தில் வலப்பக்கம் திரும்பிய ஒரு பழைய பிக்கப் வண்டியின் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் தேவானை. ஓட்டியது அவள் கணவன் செம்பியன். பின்னால் கோயம்பேட்டில் ஏற்றிய வாழைத்தார்கள் இருந்தன. கதவு வெளியே வீசியபோது அதன்மேல் சாய்ந்திருந்தவளும் கூடவே போனாள். ஒரு கால் வெளியே வந்துவிட்டது. இருக்கையின் விளிம்பு கைக்கு அகப்பட்டதால் விழவில்லை. செருப்பு மட்டும் சாலையில் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் வளைத்து நிறுத்தி, "கதவ சாத்திக்கினு ஓட்டுய்யா, காத்து வாங்கறியா?" என்று கத்திவிட்டுப் போனார்.

தேவானை இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். திரும்ப ஏறவில்லை.

"ஏறு. அதான் ஒண்ணும் ஆவலல்ல," என்றான் செம்பியன்.

"ஆவட்டும்னு காத்துக்கினு கீறியா?"

"கயிறு போட்டுக் கட்டிக்கலாம், வா."

"கட்டேன். அப்டியே என்னையும் சேத்துக் கட்டி எத்துக்கினு போ, மாட்ட ஏத்திக்கினு போற மேரி." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "இந்தக் கதவு ஒயுங்கா சாத்தற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். நீ போய்க்கினே இரு."

அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அந்தக் கதவு ஒரு வருடமாகவே இறங்கியிருந்தது. சாத்தும்போது அதன் பின்முனை இரண்டு விரற்கடை கீழே வந்து நிற்கும். கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் பூட்டு பிடிக்கும். தேவானை தினமும் அப்படித்தான் சாத்தினாள். சரி செய்யச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். தீபாவளி முடியட்டும் என்றான் செம்பியன், பிறகு பொங்கல் முடியட்டும் என்றான். ஓட்டுநர் பக்கத்துக் கதவு நன்றாக இருந்தது.

அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீடு இடிபட்டு, அதற்குப் பதிலாகப் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தபோது, வியாபாரத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டி வண்டியை நிறுத்திப் பழம் விற்றார்கள். செம்பியன் ஓட்டுவான், தார் ஏற்றுவான், இறக்குவான். விற்பது தேவானை.

புதன்கிழமை காலை அவள் இரண்டு பஸ் மாறி வந்தாள். அதற்குள் செம்பியன் தனியாக ஒரு மணி நேரம் நின்றிருந்தான். கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்ததால் திறக்க முடியவில்லை. தார்கள் எல்லாம் பின்னாலேயே கிடந்தன. கோயிலுக்குப் போகிற வழியில் ஜலஜா மாமி வந்து நின்றார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்ப்பா, அவ எங்க? ஒடம்பு சரியில்லையா?"

"பஸ்ல வந்துக்கினு கீது மாமி."

"வண்டி இங்க நிக்கறது, அவ ஏன் பஸ்ல வரா? சண்டையா?"

"கதவு சரியில்ல மாமி."

"ஓகோ, கதவோட சண்டையா." மாமி சிரிக்காமல் ஒரு சீப்பைத் தொட்டுப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஆத்துல விசேஷம். அன்னிக்குக் கார்த்தால பழுத்திருக்கணும், அதுக்கு முன்னாடி பழுத்துடப்படாது. எத எடுத்துக்கட்டும்?"

செம்பியன் ஒரு பூவன் சீப்பைக் காட்டினான். பிறகு பக்கத்தில் இருந்ததையும் காட்டினான்.

"நீ என்னையே கேக்கறாப்ல இருக்கே. தேவானையா இருந்தா மோந்து பாத்துண்டே சொல்லிடுவா. நான் சேவிச்சுண்டு வரேன், அதுக்குள்ள வராளான்னு பாப்போம்."

மாமி திரும்பி வரும்போதும் தேவானை வரவில்லை. மாமி எதிர்ச்சாரிக் கடையில் வாங்கிக்கொண்டு போனார். செம்பியன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவானை வந்ததும் அதைச் சொல்லவில்லை. "மத்தியானம் ஃபிர்தௌஸ் பாய் கிட்ட உட்றலாம் வண்டிய," என்றான்.

"நானும் வருவேன்," என்றாள் அவள். "நீ சரியாப் போச்சின்னு சொல்வ. நான் கண்ணால பாக்கணும்."

ஃபிர்தௌஸ் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் டிங்கர் வேலை செய்பவர். கார், வேன் எதுவானாலும் நெளிந்த தகட்டை நிமிர்த்துவார், ஓட்டையை ஒட்டுவார். பட்டறை என்று ஒரு ஷட்டர் மட்டும் உண்டு, வேலையெல்லாம் சந்தில்தான் நடக்கும். சந்து குறுகல். அதனால் வேலைக்கு வருகிற வண்டிகளின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்துவது அங்கே வழக்கம். அப்போதுதான் ஆட்டோ போகும்.

அவர் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார். அது 'தட்' என்று இறங்கியது. மேல் கீலைப் பிடித்திருந்த தகடு கிழிந்திருந்தது. கீலுக்குள் இருந்த ஆணி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"சும்மா எறங்காதே இவ்ளோ," என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். இரண்டு இடத்தில் பெயின்ட் முழுக்கப் போய், இரும்பு பளபளவென்று தெரிந்தது. "இங்க இன்னா மாட்டுவீங்க?"

செம்பியன் தேவானையைப் பார்த்தான். தேவானை தெருமுனையைப் பார்த்தாள்.

"தாரு," என்றாள்.

"வாயத்தாரா? கதவுலயா?"

"கதவத் தொறந்து வெச்சி மாட்டினா பிளாட்பாரத்துல போறவங்க மூஞ்சிக்கு நேரா நிக்கும் பாய். பாத்தாதான வாங்குவாங்க."

"ஒண்ணா?"

"இந்த ஓரம் ஒண்ணு, அந்த ஓரம் ஒண்ணு."

"எத்தினி நாளா?"

"வண்டி வாங்கனதுலேந்து."

ஃபிர்தௌஸ் கதவை இன்னொரு முறை தூக்கி விட்டார். "எம்மா, தெனம் காத்தால ஒரு ஆளு இதுல தொங்கிக்கினு நிக்கற மேரி. இவ்ளோ வருசம் தாங்கிச்சே, அதுக்கே இதுக்கு மாலை போடணும்."

செம்பியனால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. "கேட்டுக்கினியா? நான் பள்ளத்துல உட்டு உட்டுத்தான் கதவு பூட்ச்சின்னு ஊரெல்லாம் சொன்ன. பாய், இன்னொரு தபா சொல்லு பாய், சத்தமா."

"முடிச்சு போட்டு மாட்டனது யாரு?" என்றாள் தேவானை.

"நீ சொன்ன, நான் மாட்டினேன்."

"கதவு ஆடுதுன்னு கூடத்தான் சொன்னேன். அத்த மட்டும் ஏன் செய்யல?"



"ரெண்டு பேரும் அந்தாண்ட போய் சண்ட போடுங்க," என்றார் ஃபிர்தௌஸ். "வெளிச்சம் மறைக்குது."

வண்டி அன்று இரவு அங்கேயே நின்றது. வியாழக்கிழமை வியாபாரம் இல்லை. கதவைக் கழற்றி, கிழிந்த தகட்டுக்குப் பின்னால் தடிமனான பட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தார். கீலுக்குப் புது ஆணி போட்டிருந்தார். அவர்கள் மத்தியானம் போனபோது கதவுக்கு அடியில் ஜாக்கியும் அதன்மேல் மடித்த சாக்கும் வைத்து, போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கிக்கொண்டிருந்தார். ஜாக்கியை இறக்கியதும் கதவு அப்படியே நின்றது. இரண்டு விரலால் தள்ளினார். சாத்திக்கொண்டது.

தேவானை தானே திறந்து சாத்திப் பார்த்தாள். தூக்கவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம்.

"ஏறு, ஒரு ரவுண்டு போலாம்," என்றான் செம்பியன்.

"மொதல்ல ரோட்டுக்கு எறக்கு."

அவன் வண்டியைப் பிளாட்பாரத்திலிருந்து இறக்கினான். தேவானை கதவைத் திறந்து சாத்தினாள். 'டங்' என்று பூட்டு இரும்பில் மோதித் திரும்பி வந்தது. இன்னொரு முறையும் அப்படியே.

"லாக்கு நகந்துருக்கும்," என்றார் ஃபிர்தௌஸ். பூட்டைத் தளர்த்தி நகர்த்தினார். பயனில்லை. ஷட்டருக்குள் போய்ச் சுத்தியல் எடுத்துவந்தார்.

"பாய், அத்தக் கீழ வையி," என்றாள் தேவானை. "மேல நிக்கசொல்லோ சாத்திச்சி. கீழ எறங்கினா சாத்தல. திருப்பி மேல ஏத்திப் பாரு."

செம்பியன் ஏற்றினான். சாத்தியது. இறக்கினான். சாத்தவில்லை.

ஃபிர்தௌஸ் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் உயர்ந்து நின்றதில் அந்தப் பழைய வண்டியின் உடம்பே லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிய வாசலுக்குக் கதவை அளவாகப் பொருத்தியிருந்தார் அவர். புது வண்டிகள் அப்படி முறுக்காது. அந்தச் சந்தில் அவர் எல்லா வேலையையும் இப்படித்தான் செய்து பழகியிருந்தார்.

"என் தப்புதான்," என்றார். "போல்ட்ட லூசு பண்ணித் திருப்பி வெக்கணும். ஆனா சமமா நிக்கணும் வண்டி. இங்க எங்க கீது சமம்?"

"இதோ," என்று தேவானை நடுச்சந்தைக் காட்டினாள்.

கோயில் நடை சாத்தியிருந்த நேரம், கூட்டம் குறைவு. வண்டியை நடுவில் நிறுத்தி ஜாக்கி வைத்தார்கள். தேவானை சந்தின் முனைக்குப் போய் நின்றுகொண்டாள். முதலில் வந்த ஆட்டோக்காரர் ஹாரனில் கை வைத்தபடியே நின்றார்.

"இன்னாக்கா, நடு ரோட்ல கல்யாணமா?"

"ஆமா, மொய் எய்திட்டுப் போ."

"சவாரி கீதுக்கா உள்ள."

"சவாரிக்குக் கால் கீதுல்ல? நாலு வூடு தள்ளித்தான நிக்கற, நடக்கச் சொல்லு."

உள்ளே இருந்த அம்மாள் முறைத்துவிட்டு இறங்கி நடந்தார். ஆட்டோக்காரர் பின்னால் எடுத்துக்கொண்டே, "ரோட்டயே வாங்கிட்ட, பட்டா வாங்கிக்கினியா?" என்றார். அடுத்து வந்தவரை அவரே திருப்பி அனுப்பிவைத்தார்.

இந்த முறை கதவு கீழேயும் சாத்தியது.

"இப்ப ஏறுவியா?" என்றான் செம்பியன்.

"நீ ஏறு. அந்தப் பக்கம். பாய் ஓட்டட்டும்."

செம்பியன் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் ஏறினான். அந்த வண்டியில் அவன் அங்கே உட்கார்வது அதுதான் முதல் முறை. ஃபிர்தௌஸ் மாட வீதிகளைச் சுற்றி ஓட்டினார். முதல் மூலையில் வலப்பக்கம் திருப்பியபோது செம்பியனின் உடம்பு கதவுப் பக்கமாகச் சரிந்தது. கதவு அசையவில்லை. ஆனால் அவன் கை எதையோ தேடியது. முன்னால் பிளாஸ்டிக் பலகை வழுவழுவென்று இருந்தது. பக்கத்தில் கண்ணாடி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் உண்டு. அடுத்த மூலை வருவதற்கு முன்பே அவன் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெல்லப் போ பாய்."

"மெல்லத்தான்பா போறேன். இதுக்கு மேல மெல்லப் போனா தள்ளிக்கினுதான் போவணும்."

திரும்பி வந்து இறங்கியவனைத் தேவானை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொறந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் இப்டி வேர்த்துக் கொட்டுது?"

செம்பியன் ஃபிர்தௌஸிடம் திரும்பினான். "பாய், உள்ள ஒரு புடி வெல்டு பண்ணிக் குடு. முன்னால, இவ கைக்கு எட்டற மேரி."

"அது பேச்சுலயே இல்லியேப்பா."

"இப்ப பேசிட்டேன்ல. பண்ணு."

ஃபிர்தௌஸ் ஒரு கம்பித் துண்டைத் தேடி எடுத்து வளைத்தார். அது எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்க்கத் தேவானையை உள்ளே உட்காரச் சொன்னார். அவள் படியில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்க." பிறகு, "பாய், பின்னால கூண்டுக் கம்பியில ரெண்டு கொக்கியும் வெச்சிரு. தாரு இனிமே அங்க," என்றாள்.

"அங்க மாட்டினா பிளாட்பாரத்துலேந்து தெரியாதே," என்றான் செம்பியன்.

"தெரியாதுதான். இன்னா பண்ண சொல்ற?"

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் தேவானை பெரும்பாக்கத்தில் இடப்பக்கம் ஏறி, பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கதவைச் சாத்தினாள். வண்டி கோயம்பேடு போய் நந்தனம் வழியாக மயிலாப்பூர் வந்தது. பூவன் ஒன்பது மணிக்குள் தீர்ந்தது. கொக்கியில் தொங்கிய இரண்டு தார்களில் ஒன்று விற்கவில்லை.