ரேடியேட்டருக்கு ராகுகாலம்

என் வீட்டுக்காரர் சடகோபன் மெல்போர்னில் பாலம் கட்டும் எஞ்சினியர். ஆயிரம் லாரி ஓடினாலும் அசையாத பாலம் போடத் தெரிந்த மனுஷருக்குச் சொந்த வீட்டு ரேடியேட்டரைச் சுவரில் நிறுத்த மனசு வரவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம், ஜூலைக் குளிர். பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய வீட்டை வாங்கி, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாகக் காரை பூசியிருந்தோம். வெந்நீர் ஓடிக் கூடத்தைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் ஒன்று அந்தச் சுவரில் இருந்தது. அதைத் தாங்கிய கொக்கிகள் ஆடி ஆடிக் கடைசியில் பெயர்ந்தே வந்துவிட்டன. இவர் என்ன செய்தார் தெரியுமா? அடியில் செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, "போறும், அஞ்சு வருஷம் தாங்கும்" என்றார்.

அந்த அஞ்சு வருஷத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து இதே பல்லவிதான். அஞ்சு வருஷத்தில் மெட்ராஸுக்கே திரும்பிவிடுவோமாம். ஆகையால் நல்ல திரைச்சீலை வாங்கக் கூடாது, ரோஜா பதியன் போடக் கூடாது, அக்கம்பக்கத்தில் ரொம்பவும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. எனக்கோ நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது, ஊரும் பிடித்துப் போயிருந்தது. இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று சனிக்கிழமை. எதிர்வீட்டு இந்திரகுமார், யாழ்ப்பாணத்துக்காரர், நான் கேட்டேன் என்று டிரில்லிங் மெஷினோடு வந்தார். ரேடியேட்டரை முன்பே அணைத்து ஆறவைத்திருந்தேன். அதன் ஒரு முனையை அவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி ஜன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தேன்.

"என்ன அக்கா, கோவமோ?"

"கோபமெல்லாம் ஒண்ணுமில்லை. நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ."

மறுமுனைக்கு நான் தோள் கொடுத்தேன். அம்மாடி, என்ன கனம்! கையை விட்டால் குழாய் ஒடிந்து கூடமே குளமாகிவிடும்.

"ம், ஓட்டை போடுங்கோன்னா" என்றேன், மெஷினைக் கையில் வைத்திருந்த என் வீட்டுக்காரரிடம்.

இவர் இரண்டு மணி காட்டிய கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள்ளேயே நாலரை மணியைக் கழித்தார். "மெட்ராஸ்ல இப்போ ஒன்பதரை. ராகுகாலம். புதுசாப் பூசின சுவர்ல நாம போடற முதல் ஓட்டை, பத்தரைக்கு மேல போடறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு மணி நேரம் இதைத் தூக்கிண்டு நிக்கறதா? உங்களுக்கு மூளை கீளை இருக்கா?"

"செங்கல்லை யார் எறியச் சொன்னா?"

இந்திரகுமாருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணை, சூரியன் எழும்புற நேரத்தை வைச்சுத்தானே ராகுகாலம்?"

"ஆமாம், சாஸ்திரம் அப்படித்தான்."

"ஓம். அப்ப நீங்கள் இருக்கிறது எங்கை?"

நான் இத்தனை நாளாய்க் கேட்கப் பயந்ததை இந்த மனுஷர் போகிற போக்கில் கேட்டுவிட்டார்.

சடகோபன் மெதுவாகப் போய்க் காலைப் பேப்பரை எடுத்து வந்தார். சூரியோதயம் எப்போது, அஸ்தமனம் எப்போது என்று விரலை ஓட்டித் தேடினார். பென்சிலை எடுத்து, நான் பார்த்துப் பார்த்துப் பூசிய காரையிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பகலை எட்டாகப் பிரித்தார், பெருக்கினார், கூட்டினார். போதாக்குறைக்குச் சரிபார்க்க வேறு செய்தார்.

"ஏன்னா, தோள் கழண்டு விழறது!"

"இரு, இரு." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நம்ம ஊர் ராகுகாலம் பதினொண்ணேகாலுக்கு முன்னாலயே முடிஞ்சுடுத்து."

"என்ன சொன்னேள்?"

"ராகுகாலம் போயிடுத்துன்னேன்."

"அதுக்கு முன்னால."

அவர் என்னைப் பார்த்தார். காது நுனி சிவந்துவிட்டது. "நம்ம ஊர்னு சொன்னேன். சரியாத்தான் சொன்னேன். இப்ப ஓட்டை போடட்டுமா, வேண்டாமா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளில் இருந்த ரேடியேட்டரை மறந்து, இரண்டு கையாலும் அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்கப் போய்விட்டேன்.

"ஐயோ அக்கா, பிடியுங்கோ!" என்று அலறினார் இந்திரகுமார்.