ராயப்பன் சாரின் இடது கைச் சட்டம்

பந்தலுக்குப் பின்னால் குனிந்து ஓடிய கிரேஸ், ஜெனரேட்டரின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். மேடையில் முழங்கிக்கொண்டிருந்த லோகேஸ்வரனின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவளுக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய கபடி கேப்டன் கமல் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தான்.

"இன்னாக்கா இது? சாருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்துக்கினு இருக்குது, நீ கரண்ட்டைப் பிடுங்கிட்ட?"

"அந்தாளு தலைவராயிட்டா திடலையே பிடுங்கிடுவான். எது பெருசு, சொல்லு."

முசரவாக்கத்துத் திடலில்தான் ராயப்பன் சார் கடைசிவரை கபடி சொல்லிக்கொடுத்தார். இடம் பழைய மாணவர் சங்கத்தின் சொத்து. சங்கத்துக்கு யார் தலைவரோ அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். பட்டுக்கடை லோகேஸ்வரன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற வேன்களெல்லாம் திடலில்தான் நிற்கும் என்பது அவருடைய கடை வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

சாரிடம் ஆடியவர்தான் தலைவராகலாம் என்று ஒரு விதி உண்டு. அதற்குத்தான் லோகேஸ்வரன், சாரின் முதல் மாணவனே நான்தான் என்று மைக்கில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தலைவரை அறிவிக்க வேண்டியவர் சார் வேலை பார்த்த பள்ளியின் பழைய தலைமையாசிரியர், சின்ன காஞ்சிபுரம் கிருஷ்ணஸ்வாமி. ராயப்பன் நல்லவன், ஆனால் கர்வி, பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பியே பார்க்க மாட்டான் என்று செல்லமாகக் குறைபட்டுத்தான் அவர் கூட்டத்தையே தொடங்கி வைத்திருந்தார். இப்போது லோகேஸ்வரனுக்குப் போட வேண்டிய மாலை அவர் கைக்கு வந்துவிட்டது.

அந்தாள் விடுவது புளுகு என்பது சாரிடம் ஆடிய அத்தனை பேருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. திடலில் கால் வைத்த முதல் நாளே மண்ணைத் தொட்டு எல்லோரும் சாருக்கு ஒரு சத்தியம் செய்திருந்தார்கள். அதை உடைக்காமல் இந்தப் புளுகை உடைக்க வழியே இல்லை.

கிரேஸ் நேராக முன் வரிசைக்குப் போனாள். சாரின் மனைவி அன்னம்மாளிடம் குனிந்து அனுமதி கேட்டாள். அன்னம்மாள் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே இருந்த சாரின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேலை போயிடும்னுதானேமா அந்தச் சத்தியத்த வாங்கினாரு? இனிமே யாரு வந்து அவரை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க? போய்ச் சொல்லு."

கிரேஸ் மேடை ஏறினாள். மைக் இல்லாதது ஒரு பொருட்டில்லை. மூச்சு விடாமல் 'கபடி கபடி' பாடிப் பழகிய குரல் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும். கரண்ட் போனதில் பாதியில் நின்றுவிட்டது, சாரிடம் ஆடிய கதையை எல்லோருக்காகவும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று லோகேஸ்வரனைப் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். மனிதர் குளிர்ந்துபோனார்.

"சார் வேப்பமரத்தடியில கண்ண மூடிக்கினு உக்காந்திருப்பாரு. பாடுற குரலை வெச்சே எவன் போறான்னு சொல்லுவாரு. என் குரலுக்கு மட்டும், 'வாடா சிங்கம்'னு எழுந்து நிப்பாரு."

பழைய ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமல் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினான்.

"அருமைங்க," என்றாள் கிரேஸ். "பாடிப் போறப்ப இடது கைய எப்படி வெச்சிக்கினு போவீங்க?"

"கைய எப்படி வெச்சா இன்னாமா? ஆட்டம்தானே முக்கியம்."

கிரேஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "சாரோட பசங்கல்லாம் கொஞ்சம் காட்டுங்கப்பா."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. தறிக்காரர், நர்ஸ், ஆட்டோக்காரர், வக்கீல் என்று ஆணும் பெண்ணுமாக எழுந்து நின்றார்கள். அத்தனை பேருடைய இடது கையும் இறுக மூடி, தோளுக்கு மேலே உயர்ந்து நின்றது. மேடையில் லோகேஸ்வரனின் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

கிருஷ்ணஸ்வாமி மாலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதற்கம்மா இந்தக் கை என்று கேட்டார்.

"மூச்சு இருக்கிற வரைக்கும் கைய மூடி வெக்கணும், மூச்சு விட்டா விரிக்கணும். சார் போட்ட சட்டம், ஐயா."

"பாட்டு நின்னாலே மூச்சு விட்டது தெரிஞ்சுடுமே. காதுல கேக்காதா?"

கிரேஸ் ஒரு தடவை அன்னம்மாளைப் பார்த்துக்கொண்டாள்.

"கேக்காது ஐயா. சின்ன வயசுல வந்த காய்ச்சல்லயே சாருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. இத்தனை வருசமும் உங்க உதட்டைப் பாத்துத்தான் உங்ககிட்ட பேசினாரு."