பூஜ்யத்துக்கு ஒரு வால்

ஒயின் புட்டிக்கு மூடி செய்கிற கார்க் மரத்தின் பட்டையை ஒரு தடவை உரித்தால், மறுபடி உரிக்க ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிவைப்போம். எங்கள் தோப்பில் அந்த வேலை எனக்கு. பதினாறு கோடையாக எழுதுகிறேன். கோடை முடிந்ததும் "போய்ட்டு வா ஒதீலியா" என்று அனுப்பிவிடுவார்கள்.

புது மேலாளர் சலேமா லிஸ்பனிலிருந்து வந்தவர். கையில் மூன்று போன், தோப்பின் மேல் பறக்கவிட ஒரு ட்ரோன். அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள். அவருக்கு போனஸ் ஒவ்வொரு செப்டம்பரிலும், அந்தக் கோடையில் உரித்த பட்டையின் எடையைப் பார்த்து. செப்டம்பருக்கு அப்பால் அவருக்கு உலகமே கிடையாது. இதை யாரும் மரத்துக்குச் சொல்லவில்லை.

அந்தக் கோடை 6 எழுதிய மரங்களின் முறை. அவை கொஞ்சம்தான். 0 எழுதியவை எக்கச்சக்கம், ஆனால் இன்னும் நாலு வருஷம் பாக்கி.

"ஏம்மா, இந்த பூஜ்யத்துக்கு மேல சின்னதா ஒரு வால் வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார் சலேமா.

"ஆறு ஆகும் சார்."

"பாத்தியா, உனக்குப் புரியுது. ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் புரியல. செஞ்சு குடு, உன்னை நிரந்தரமாக்கிடறேன்."

மரம் தாங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். நிரந்தரம் என்ற சொல் வாயை அடைத்துவிட்டது. நானூறு மரங்களுக்கு வால் வைத்தேன். உரித்ததும் பழைய எண் பட்டையோடு போய்விடும். புது எண்ணையும் நான்தான் எழுதப்போகிறேன். இதைவிடப் பத்திரமான திருட்டு உண்டா?

உரிப்பவர்களுக்குத் தலைவர் ஜெஃபெரினோ, என் அக்கா புருஷன். முதல் மரத்தைக் கோடரியால் லேசாகத் தட்டினார். முகம் மாறியது. எண்ணைப் பெருவிரலால் தேய்த்தார். வால் விரலோடு வந்தது. பூஜ்யம் அப்படியே இருந்தது.

"என்ன கொழுந்தியா, மரத்துக்கு ஒரே நாள்ல நாலு வயசு ஏறிடுச்சா?"

"எனக்கென்ன தெரியும் அத்தான்? எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

"பட்டை மெலிசா இருக்குடி. கோடரி உள்தோல்ல பட்டா மரமே செத்துடும்."

"கத்தாதீங்க. எனக்கும் ஒரு வேலை நிக்க வேண்டாமா?"

கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களுக்கு எடைக்குத்தான் கூலி. தடுக்க ஆளில்லாததால் இன்னும் வேகமாக உரித்தார்கள்.

அந்த வருஷம் இதுவரை காணாத எடை. மூடி செய்யத் தேறாமல் பாதிப் பட்டை அரைவைக்குப் போனது. தராசுக்கு அதெல்லாம் தெரியாது. சலேமா கம்பெனி செலவில் மத்தி மீன் சுட்டு, ஒயின் ஊற்றி விருந்து வைத்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. பிறகு பதவி உயர்வோடு லிஸ்பனுக்கே போனார், நீண்டகாலத் திட்டப் பிரிவின் தலைவராக. சொன்னபடி என்னையும் நிரந்தரமாக்கினார். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

அடுத்த வசந்தத்தில் நூறு மரத்துக்கு மேல் காய்ந்து நின்றன. லிஸ்பனிலிருந்து ஒரு காகிதம் வந்தது, நீண்டகாலத் திட்டத் தலைவரே எழுதியது. ஜெஃபெரினோவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டதாம். எண்களைத் தப்பாகப் படித்து ஆட்களை ஏவினாராம். இனி அவரை எந்தத் தோப்பிலும் சேர்க்கக் கூடாதாம். கீழே சாட்சிக்குக் கோடு போட்டு, "எண் எழுதுபவர், நிரந்தர ஊழியர்" என்று அச்சடித்திருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சேதி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா உள்ளேயே இருந்துகொண்டாள். அத்தான்தான் வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிச்ச?"

ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது பொய் வரவில்லை.

"பேனா தேடின நேரம்தான் அத்தான்" என்றேன்.