சாமி அக்கா வரக்கூடாத கட்டில்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் என் அறைக் கதவில் 'ஆன்ம ஆறுதல் பிரிவு' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் நான் சாமி அக்கா. எந்தச் சாமி என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. கும்பிடுகிறவர்களோடு அவர்கள் கும்பிடுகிறபடி கும்பிடுவேன். கடவுளைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து திட்டுவேன். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு டீ வாங்கித் தருவேன்.

வார்டில் இருக்கும் அம்மாக்களுக்குள் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சாமி அக்கா ஒரு கட்டிலுக்கு வந்தால் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். புதிதாக வருகிறவளுக்கு வெந்நீர் எங்கே பிடிப்பது, குளியலறைத் தாழ்ப்பாள் எப்படிச் சண்டித்தனம் பண்ணும் என்று சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் காதோடு காதாகச் சொல்லிவிடுவார்கள். சுத்தப் பொய் என்று என்னால் சத்தியம் பண்ணவும் முடியாது. டாக்டர்களுக்கு என் ஞாபகம் வருவதே பெரும்பாலும் அப்போதுதான். மருந்து எல்லாம் தீர்ந்த பிறகு அனுப்புகிற சரக்கா நான் என்று எரிச்சலாக வரும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். யாருக்காகப் போனாலும் வாசல் பக்கத்துக் கட்டிலில் ஆரம்பித்து எல்லாக் கட்டிலுக்கும் போவேன். ஒருத்தியிடம் பல் விழுந்த கதை கேட்பேன், இன்னொருத்தனின் பொம்மைக்குக் காய்ச்சல் பார்ப்பேன். யாருக்காக வந்தேன் என்று யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை மட்டும் சுற்றவில்லை. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்த சிறுமி குணமாகி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் வண்டி நிற்கிறது, சாமி அக்காவைப் பார்க்காமல் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் என்று நர்ஸ் போன் பண்ணினாள். ஓட்டமும் நடையுமாக நேரே அங்கே போனேன். கட்டில் காலி. அவள் குளியலறையில் புது கவுன் மாற்றிக்கொண்டிருந்தாள். காத்திருந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு வயது ஆறு. ரத்தத்தில் நோய். ஊசி போட வருகிற ஒவ்வொருவரையும் "கை கழுவினீங்களா?" என்று விசாரித்து விசாரித்து மேனேஜர் என்று பெயர் வாங்கியவர்.

"சாமி அக்கா, நீங்க ஊசி போட மாட்டீங்க, மாத்திரையும் குடுக்க மாட்டீங்க. அப்புறம் என்னதான் வேலை உங்களுக்கு?"

"உன்னை மாதிரி ஆளுங்க பக்கத்துல உக்காந்து பேசுறது."

"அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

"தர்றாங்களே."

"அப்ப ஆஸ்பத்திரி உருப்பட்ட மாதிரிதான்."

சிரித்துக்கொண்டே குனிந்து அவன் போர்வையை இழுத்துவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே அவன் அம்மா, கையில் பிளாஸ்க்கோடு. தையல்காரி. கை சும்மா இருக்காது, வார்டில் கிழிந்த தலையணை உறைகளையெல்லாம் கேட்டு வாங்கித் தைத்துக் கொடுப்பாள். என்னோடு நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அன்று அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. நான் பக்கத்துக் கட்டில் பாப்பாவைப் பாக்க வந்தேன்."

"அங்கதான் ஆளே இல்லையே."

"துணி மாத்துறா. இப்ப வந்துடுவா."

"எப்பவும் வாசல்லேர்ந்து ஒவ்வொரு கட்டிலா வருவீங்க. இன்னைக்கு மட்டும் ஏன் நேரா என் புள்ளைகிட்ட வந்தீங்க?"

ஆக, என் சாமர்த்தியமெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. சிறுமி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், தான் வரைந்த யானையை என் கையில் திணித்தாள். அந்தப் படத்தைத் தையல்காரியிடம் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"அம்மா, காய்ச்சல் விட்டுடுச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல? அப்புறம் எதுக்கு அக்காவை முறைக்கிற?" என்றான் மேனேஜர்.

உண்மைதான். விடியும்போதே காய்ச்சல் இறங்கியிருந்தது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவளிடம் சத்தியம் செய்தேன். தலையாட்டினாள், நம்பாமல்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பெரிய டாக்டர் கூப்பிட்டார். மேனேஜருக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருக்கிறது, தனி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், நான் போய் அந்த அம்மாவோடு இருக்க வேண்டும்.

"காலைல காய்ச்சல் விட்டுடுச்சுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களாமே டாக்டர்?"

"விட்டிருந்தது" என்றார். அவர் குரலும் உடைந்திருந்தது. யாரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

வார்டைக் கடந்துதான் அந்த அறைக்குப் போக வேண்டும். அம்மாக்கள் எல்லோரும் தங்கள் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அறையில் மேனேஜரின் பாதி முகத்தை மாஸ்க் மூடியிருந்தது. பஸ் ஓட்டும் அப்பா சீருடையோடு சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் தையல்காரி எழுந்து வந்து வாசலை மறித்தாள்.

"உங்களுக்குக் காலையிலேயே தெரியும்."

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா எதுக்கு வந்தீங்க?"

பதில் இருந்தது. வண்டி, கவுன், யானைப் படம். அத்தனையும் உண்மை.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க அக்கா. நீங்க இங்க இருக்காதீங்க. நீங்க வராட்டி அவன் இருப்பான். வாசல்லகூட வேண்டாம், கீழ போயிடுங்க."

"என்ன பேச்சு இது? அவங்க நமக்காகத்தானே வந்திருக்காங்க" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க."

பக்கத்தில் இருப்பதுதான் என் வேலை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. போய்விட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எழுந்து லிஃப்டில் இறங்கினேன். கேட்டைத் தாண்டி எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அங்கிருந்தும் அவன் ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் தெரியாத இடம் வரைக்கும் நடந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், ஆனாலும் நடந்தேன். பூட்டிய ஒரு கடை வாசலில் நின்று, "நான் அந்தப் பக்கமே வரமாட்டேன், அவனை மட்டும் விட்டுடு" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேனோ தெரியாது. அப்படி அழுது கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

வெயில் சாயும்போது போன் அடித்தது. நர்ஸ்தான். மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"வெளியிலதான். நான் வரலன்னு அந்த அம்மாகிட்ட சொல்லு. வரவே மாட்டேன்னு சொல்லு."

"அவங்கதான் கூப்பிடச் சொன்னாங்க" என்றாள். "இனிமே சாமி அக்கா வரலாமாம்."