ரூபீனாவுக்கு எந்த ஹீட்டர்

தி. நகரில் என் கடைக்கு வந்து கேட்டுப் பாருங்கள். வெந்நீர் ஹீட்டரைப் பற்றி இந்த அமீனைவிடத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடையாது. கை கழுவ, பாத்திரம் தேய்க்க மூன்று லிட்டர் ஹீட்டர் போதும். குளிக்கவென்றால் வாளி நிறைவதற்குள் பொறுமை போய்விடும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்குப் பெரிய தொட்டி வைத்ததுதான் சரி. குளியலறையில் ஜன்னல் இல்லையென்றால் கேஸ் ஹீட்டர் பக்கமே போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து. சோலார் கேட்டால், மொட்டைமாடி உங்களுடையதா என்று முதலில் கேட்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அடையாற்றில் என் வீட்டில் ஹீட்டரே கிடையாது.

"மெட்ராஸ்ல வெந்நீர் யாருக்கு வேணும்? மே மாசம் குழாயத் தொறந்தாலே கொதிக்குது" என்று வருஷக்கணக்காகச் சிரித்தே சமாளித்தேன். ஜூலையில் என் மனைவி ரூபீனாவுக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்ததும், பச்சைத் தண்ணீர் பட்டால் விரலெல்லாம் ஊசி குத்துகிறது என்றாள்.

"ஏங்க, ஏதாவது ஒண்ணு மாட்டிடுங்களேன்."

ஏதாவது ஒன்றா? நானா? எங்கள் கட்டடத்தில் போர் தண்ணீர் ஒரே உப்பு. சாதாரணத் தொட்டியைச் சீக்கிரமே அரித்துவிடும். உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ளது தேவலை. அதைவிட, காற்றிலிருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரைக் காய்ச்சுகிற ஹீட் பம்ப் நல்லது, கரண்ட் மிச்சம். ஆனால் எங்கள் பால்கனியில் அதற்கு இடமில்லை. ஜனவரியில் சின்ன மாடல் வருகிறது என்று கம்பெனி ஆள் சொன்னார். அவளுக்கு வாங்குவது ஒசத்தியாக இருக்கட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாகப் பிரியத்தில்தான் காத்திருந்தேன்.

அதுவரை அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர். காலையில் நான் எழும்போது குளியலறையில் வாளி ஆவி பறக்க இருக்கும். தான் குளித்துவிட்டுத்தான் எனக்கு வைக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இந்த உடம்போடு ஏன் தூக்குகிறாய் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. மடையன்.

டிசம்பரில், ஒரு விடியற்காலையில், ரூபீனா மௌத்தாகிவிட்டாள்.

உடலைக் குளிப்பாட்ட மாடிவீட்டு உம்மே ஹானி அக்கா இரண்டு பெண்களோடு வந்தார். இலந்தை இலையைப் பிரித்துக்கொண்டே, வெதுவெதுப்பாகத் தண்ணீர் வேண்டும் என்றார். நான் கடைச்சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒரு மணி நேரம் பொறுங்கக்கா. கடையிலேர்ந்து நல்ல ஹீட்டரா ஒண்ணு எடுத்தாந்து மாட்டிடறேன்."

பைத்தியக்காரத்தனம்தான். அப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை.

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னாத்துக்கு பாய்? அடுப்புல வையுங்க, போதும். ஒரு குண்டானுக்கு மேல தூக்கத் தெம்பில்லக்கான்னு எங்கிட்ட சொல்லிக்கினே இருப்பா. நாள் பூரா கடையில நிக்கிறவரு, அவரு சுடுதண்ணில குளிக்கட்டும், நான் பச்சத் தண்ணியே ஊத்திக்கறேன்னுவா. இன்னிக்காவது அவளுக்கு வையுங்க."

சமையலறைக்குள் போனேன். அந்தக் குண்டானை எங்கே வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே, அதையும் அக்காவிடம்தான் கேட்டேன்.