மாத்திரைக்குத் துணை

தையற்காரம்மாவின் கோபமெல்லாம் தெருமுனைக் கேமராவின் மேல்தான். அதை அங்கே மாட்டித் தொலைக்காமல் இருந்திருந்தால், மனசு சரியில்லாத அவள் பிள்ளை ‘என்னையே பார்க்குது’ என்று கல்லெறிந்திருப்பானா? எறிந்த கல் கேமராவிலாவது பட்டதா? கீழே நின்ற கடைக்காரர் மண்டையில் பட்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அது இதுதான். மகனைக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்துவிட்டார்கள்.

உள்ளே போனதிலிருந்து அவன் மாத்திரையைத் தொடவில்லை. விஷம் என்கிறான். அடுத்த வாரம் நீதிபதி முன்னால் நாலு வார்த்தை நிதானமாகப் பேசினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் இதே கம்பிதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவனை மாத்திரை போடவைக்க ஒரு வழி இருந்தது. அம்மா தன் சத்து மாத்திரையை முதலில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள். அப்புறம்தான் அவன் விழுங்குவான். இங்கேயும் அப்படிச் செய்யலாமென்று கைப்பையில் மாத்திரையோடு வந்தால், வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மகன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். பக்கத்தில் மீசைக்கார வார்டர், உள்ளங்கையில் அவனுடைய மாத்திரையோடு. உர்ரென்ற முகம். அம்மா வெட்கத்தை விட்டு அந்த வார்டரிடமே வீட்டு வழக்கத்தைச் சொன்னாள்.

வார்டர் சட்டைப்பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்தார். பிரஷர் மாத்திரையாம். மனைவி தினமும் பையில் திணித்து அனுப்புவாளாம், இவர் தினமும் மறப்பாராம். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அத்தனை பெரிய மீசைக்குக் கீழே சின்னப்பிள்ளை மாதிரி ‘ஆ’ காட்டினார்.

மகன் எட்டிப் பார்த்தான். நாக்கைத் தூக்கச் சொன்னான். மனுஷன் இப்போது அறையப்போகிறார் என்று அம்மா கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள். அவரோ தூக்கிக் காட்டினார்.

மகன் தன் மாத்திரையை வாங்கி விழுங்கினான். கம்பியோரம் வந்து அம்மாவுக்கு வாயைத் திறந்து காட்டினான். பிறகு, வீட்டில் அவள் தினமும் அவனுக்குச் சொல்வதை வார்டருக்குச் சொன்னான்.

“இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க சார். தொண்டையில நிக்கும்.”

வார்டர் மறுபேச்சில்லாமல் குடித்தார். அம்மா அழுதே விட்டாள்.

“நாளைக்கும் சேர்ந்தே போடுவோம் தம்பி,” என்றார் வார்டர். “எனக்கும் ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேணும்ல.”